நம் வீட்டு பாட்டிலோடு ஒரு புது ஃபிரெஞ்சு ரெஸ்டாரண்ட்

புதிதாகத் திறந்திருக்கும் அந்த ஃபிரெஞ்சு ரெஸ்டாரண்ட் எப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதில்லை. "வீட்டில் நல்ல ஒயின் பாட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றுதான் சொல்கிறேன். சாப்பாடும் நன்றாகவே இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் வெளியிலிருந்து வரும் பாட்டிலை இத்தனை அக்கறையோடு கையாளும் இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அவர்களுடைய ஒயின் பட்டியல் சின்னது, இரண்டே பக்கம். ஃபிரான்ஸின் லுவார் ஆற்றுப் பக்கத்து மஸ்கதே, சான்செர், ஒரு ஷாப்லி, இரண்டு பொஜொலே, நாலைந்து போர்தோ, ஃபிரான்ஸின் தெற்கிலிருந்து ஒரு ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். எல்லாமே இப்போதே திறந்து குடிக்கத் தயாரான இளம் ஒயின்கள். புதிதாகத் தொடங்கும் ஒரு இடத்துக்கு இதுதான் சரி. பதினைந்து, இருபது வருஷம் படுத்துக் கிடந்த பாட்டில்களை அவர்கள் வைத்திருக்க வேண்டுமென்றால், குளிர்ச்சியான அறை வேண்டும், வருஷக்கணக்கில் பணத்தை முடக்கிப் போடும் வசதி வேண்டும். திறந்த முதல் வருஷத்தில் அது யாராலும் முடியாது.

நம்மில் சிலரிடம் அப்படிப்பட்ட பாட்டில் ஒன்றிரண்டு வீட்டில் இருக்கும். யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது, பயணத்தில் வாங்கியது, "நல்ல நாளைக்கு" என்று அலமாரியின் அடியில் வைத்தது. அந்த நல்ல நாள் வந்தாலும், வீட்டில் அதற்கு ஏற்ற சமையல் அமைவதில்லை. வாத்துக் காலை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெதுவாக வேகவைத்து, கடைசியில் தோல் மொறுமொறுப்பாகும்வரை சூடாக்கி எடுப்பதை வீட்டில் எத்தனை பேர் செய்வார்கள்? அவர்களிடம் சமையல் இருக்கிறது, பழைய ஒயின் இல்லை. நம்மிடம் பழைய ஒயின் இருக்கிறது, அந்தச் சமையல் இல்லை. ஃபிரெஞ்சு ரெஸ்டாரண்டுக்கு பாட்டில் கொண்டுபோவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இதுதான். பில்லைக் குறைப்பதற்காகக் கொண்டுபோவது வேறு விஷயம், அதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கார்க்கேஜ், அதாவது நம் பாட்டிலைத் திறந்து பரிமாறுவதற்கான கட்டணம், பட்டியலில் இருக்கும் மிக மலிவான பாட்டிலின் விலையில் ஏறக்குறையப் பாதி. ரெஸ்டாரண்டுகள் பொதுவாக ஒயினைக் கடை விலையைவிட இரண்டு மூன்று மடங்குக்கு விற்கும். அப்படியானால் சாதாரண பாட்டில் ஒன்றைக் கடையில் வாங்கி, அதற்கு கார்க்கேஜும் கொடுத்தால், கடைசியில் அவர்களிடமே வாங்கிய செலவுக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும். சுமந்து போனதுதான் மிச்சம். விலையால் மட்டும் அல்ல, வேறு எங்கும் கிடைக்காத காரணத்தாலும் அருமையான பாட்டிலாக இருந்தால்தான் கட்டணத்துக்கு அர்த்தம் உண்டு.

விதிகளைப் போனிலேயே தெளிவாகச் சொன்னார்கள். ஒரு டேபிளுக்கு இரண்டு பாட்டில் வரை. ஒயின் மட்டும்தான், வேறு மதுபானம் கூடாது. அவர்களுடைய பட்டியலில் இருக்கும் ஒயினையே கொண்டுவரக் கூடாது. டேபிள் புக் பண்ணும்போதே சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் ஒரு முழு பாட்டில் வாங்கினால், நம்முடைய ஒரு பாட்டிலுக்குக் கட்டணம் கிடையாது. இதில் எதுவும் எனக்கு அதிகமாகப் படவில்லை. சில ஊர்களில் வெளியிலிருந்து மது கொண்டுவருவதைச் சட்டமே அனுமதிப்பதில்லை, சில இடங்களில் உரிமத்தின் வகையைப் பொறுத்தது. அதனால் எந்த ரெஸ்டாரண்டாக இருந்தாலும் போன் பண்ணிக் கேட்காமல் பாட்டிலோடு வாசலில் போய் நிற்கக் கூடாது.

நாங்கள் கொண்டுபோனவை இரண்டு. ஒன்று என் அத்தான் பல வருஷமாக வைத்திருந்த 2005-ம் ஆண்டு சாந்த்-எமிலியோன். போர்தோ பகுதியில் ஆற்றின் வலது கரையில் விளைவது, பெரும்பாலும் மெர்லோ திராட்சை, கூடவே கொஞ்சம் கபெர்னே ஃப்ரான். 2005 போர்தோவுக்கு மிக நல்ல வருஷம். அந்த வருஷத்து ஒயின்கள் இளமையில் நாக்கைக் கவ்விப் பிடிக்கும் துவர்ப்போடு இருந்தவை, அவற்றுக்குக் காலம் தேவைப்பட்டது. இன்னொன்று நண்பர் ஒருவர் ஃபிரான்ஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வான் ஜோன்.

வான் ஜோன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைய மாலையின் பாதி அதைச் சுற்றித்தான் நடந்தது. ஃபிரான்ஸின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா பகுதியின் ஒயின் இது. சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது. பீப்பாயில் ஊற்றி வைத்தபின் ஆவியாகிக் குறையும் ஒயினை மற்ற பகுதிகளில் அவ்வப்போது நிரப்புவார்கள். இங்கே நிரப்ப மாட்டார்கள். மேலே ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடை போலப் படர்ந்து ஒயினை மூடிக்கொள்ளும், அதன் கீழேயே வருஷக்கணக்கில் இருக்கும். அறுவடை முடிந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் பாட்டில் வெளியே வரும். பாட்டிலும் தனி வகை, குட்டையாகத் தோள் அகன்று இருக்கும், க்ளாவ்லான் என்பார்கள். வழக்கமான 750 மில்லிக்குப் பதிலாக 620 மில்லிதான் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒயின் இத்தனை காலம் ஆவியானபின் மிஞ்சுவது அவ்வளவுதான் என்பது கணக்கு. எங்கள் பாட்டிலின் லேபிளில் அர்புவா என்று போட்டிருந்தது. நுண்ணுயிர்களை ஆராய்ந்த லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர் அது. அவருக்கே அங்கே ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர்களுடைய மெனுவில் கோழியை வான் ஜோனும் க்ரீமும் மொரேல் காளானும் சேர்த்துச் சமைக்கும் ஜூராவின் பேர்போன பதார்த்தம் இருந்தது. ஆனால் ஒயின் பட்டியலில் வான் ஜோன் இல்லை. பொருத்தம் பார்ப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது: முதலில் அவர்களுடைய மெனுவைப் படியுங்கள், அப்புறம் வீட்டு அலமாரியைத் திறங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பிடித்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தபின், அதற்கு எது பொருந்தும் என்று மெனுவைப் புரட்டுகிறார்கள்.

பழைய பாட்டிலைக் கொண்டுபோகும் முறையும் முக்கியம். வருஷக்கணக்கில் படுத்திருந்த சிவப்பு ஒயினில் வண்டல் பக்கவாட்டில் படிந்திருக்கும். குறைந்தது ஒரு நாள் முன்னாலாவது அதை எடுத்து நேராக நிறுத்தி வைக்க வேண்டும், அப்போதுதான் வண்டல் அடிக்கு இறங்கும். அப்படி இறங்கியதை வண்டியில் உருட்டிக்கொண்டே போனால் எல்லாம் மறுபடி கலங்கிவிடும். போனில் பேசும்போதே இதை நான் கேட்டேன். "முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் சார், நாங்கள் நிறுத்தி வைக்கிறோம்" என்று அவர்களாகவே சொன்னார்கள். கொண்டுபோனபோது, பாட்டிலின் கழுத்தில் என் பெயரும் டேபிள் நேரமும் எழுதிய சீட்டைக் கட்டி, என் கண் முன்னாலேயே ஒயின் அலமாரியின் கீழ்த்தட்டில் நிறுத்தினார்கள். அப்போதே இந்த இடத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முந்தின நாள் போய்க் கொடுக்க முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டிலைத் துணியில் சுற்றி, நிமிர்ந்த நிலையில், காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு போங்கள். காரை வெயிலில் நிறுத்தி, ஒயினை உள்ளே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், சுவையும் வெந்தது போல ஆகிவிடும். பல வருஷம் காத்த பாட்டில் ஒரே மதியத்தில் பாழாகலாம்.

சரி, அன்றைய மாலைக்கு வருகிறேன்.

நாங்கள் நாலு பேர்: அக்கா, அத்தான், என் மனைவி, நான். உட்கார்ந்ததும் அவர்களுடைய பட்டியலிலிருந்தே ஆளுக்கு ஒரு கிளாஸ் க்ரெமான் சொன்னோம். ஷாம்பெயின் போலவே பாட்டிலுக்குள் இரண்டாவது முறை நொதிக்க வைத்து நுரை வரவழைப்பது, ஆனால் ஷாம்பெயின் பகுதிக்கு வெளியே செய்வது. விலை பாதிகூட இருக்காது. இது நான் விடாமல் கடைப்பிடிக்கும் பழக்கம். நம் பாட்டில் இருந்தாலும் அந்த இடத்திலிருந்தும் ஏதாவது வாங்க வேண்டும். புதிய ரெஸ்டாரண்ட் ஒன்றின் வருமானத்தில் ஒயின் பெரிய பங்கு. அதை முழுக்கத் தவிர்த்துவிட்டு அவர்களுடைய கிளாஸையும் உழைப்பையும் மட்டும் பயன்படுத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை.

க்ரெமானோடு கூஜேர் வந்தது. சீஸ் சேர்த்த மாவை உருண்டைகளாக அடுப்பில் உப்ப வைத்தது, பர்கண்டி பக்கத்து வழக்கம். வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே வெற்றிடம், பிய்த்தால் ஆவி வந்தது. நான் ஐந்தாவதை எடுக்கும்போது அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் ஒரு தவறு நடந்தது. பரிமாறிய பையன் எங்கள் வான் ஜோனை ஐஸ் வாளியில் கழுத்துவரை அமிழ்த்திக் கொண்டுவந்து வைத்தான். வெள்ளை ஒயின் என்றால் ஐஸ் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள், மஸ்கதேக்கு அது சரிதான். எட்டுப் பத்து டிகிரியில் அது துள்ளும். வான் ஜோன் அப்படி இல்லை. 14, 15 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் அக்ரூட்டும் வெந்தயமும் கலந்த அதன் வாசனை எழும். ஐஸில் போட்டால் புளிப்பு மட்டும் நிற்கும். சில மணி நேரம் முன்னாலேயே திறந்து வைத்தால் இன்னும் நல்லது. இதை நான் போனில் சொல்லியிருந்தேன், அந்தச் செய்தி பையனிடம் போய்ச் சேரவில்லை.

நான் கை காட்டுவதற்குள் சோமெலியே, அதாவது ஒயினுக்குப் பொறுப்பான பெண், அந்தப் பக்கம் வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். வாளியைப் பார்த்ததும் முகம் மாறியது. பையனை எங்கள் முன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டிலை எடுத்துத் துடைத்து, கிளாஸில் கொஞ்சம் ஊற்றித் தன் உள்ளங்கைகளால் பொத்திப் பிடித்துச் சூடாக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "கோழி வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும்படி பார்த்துக்கொள்கிறேன், அதற்குள் இதன் குளிர் தணிந்துவிடும்" என்றார். சமையலறைக்குப் போய் அதைச் சொல்லியும் விட்டார். நம் பாட்டிலுக்காகச் சமையலின் நேரத்தை மாற்றுகிற இடம்! கார்க்கேஜ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். பையனுக்கு அப்புறம் அவரே தனியாக விளக்கிச் சொன்னதையும் பார்த்தேன்.

கோழி வந்தது. சாஸ் யானைத் தந்தத்தின் நிறத்தில், கரண்டியின் பின்புறம் ஒட்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. மொரேல் காளான் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும், அந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் சாஸ் புகுந்திருந்தது. ஒரு வாய் கோழி, ஒரு மிடறு ஒயின். க்ரீமின் கொழுப்பை ஒயினின் புளிப்பு வெட்டிவிட்டுப் போக, காளானின் மண்வாசனை மட்டும் தங்கி நின்றது. என் மனைவி ஒயின் அவ்வளவாகக் குடிக்க மாட்டாள், அவளே இரண்டாவது தடவை கிளாஸை நீட்டினாள். சோமெலியேவுக்கும் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தோம். இது கடமை இல்லை, ஆனால் நல்ல பழக்கம். அருமையான பாட்டிலைத் திறந்து பரிமாறுகிறவர் அதன் சுவையை அறியாமல் போகக் கூடாது. அவர் நின்றபடியே நிதானமாகக் குடித்துவிட்டு, சமையல்காரரும் ருசித்துப் பார்க்கலாமா என்று கேட்டு, அந்தக் கிளாஸில் மிச்சம் இருந்ததை உள்ளே கொண்டுபோனார்.

அடுத்தது சாந்த்-எமிலியோன். இதற்காகத்தான் அத்தான் வந்ததே.

சோமெலியே ஒரு சின்ன தள்ளுவண்டியை எங்கள் டேபிள் பக்கத்தில் நிறுத்தினார். மேலே வண்டலை விட்டுவிட்டு ஒயினை மட்டும் ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையான டிகேண்டர், இரண்டு கிளாஸ், ஒரு வெள்ளைத் துணி. முதலில் பாட்டிலின் வாயை மூடியிருந்த உலோக உறையை முழுவதுமாக வெட்டி எடுத்தார். வழக்கமாக வளையத்துக்குக் கீழே வெட்டினால் போதும், ஆனால் வண்டலைப் பார்த்து ஊற்றவேண்டிய பாட்டிலில் கழுத்து முழுக்கத் தெரிய வேண்டும். கார்க்கின் தலை கறுத்து, லேசாக உள்வாங்கி இருந்தது. கார்க்கை எடுக்கும் சாதாரண திருகாணியைக் குத்தினால் அது நொறுங்கிவிடும். அதனால் இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள இடுக்கி மாதிரிக் கருவியை எடுத்தார். கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தகடு, எதிர்ப்பக்கம் இன்னொரு தகடு. இடமும் வலமுமாக அசைத்து அசைத்து உள்ளே இறக்கி, மெதுவாகத் திருகிக்கொண்டே மேலே இழுத்தார். கார்க் முழுசாக வந்தது. அத்தான் அதுவரை மூச்சையே பிடித்துக்கொண்டு இருந்திருப்பார் போல, "வந்துடுச்சு" என்று சத்தமாகவே சொன்னார்.

அப்புறம் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தார். கார்க் கெட்டுப்போன ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். டிசிஏ என்ற வேதிப்பொருள் அதற்குக் காரணம், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ரெஸ்டாரண்டில் வாங்கிய பாட்டில் இப்படி இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். நம் சொந்த பாட்டிலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, நஷ்டம் நம்முடையது. அதனால் முடிந்தால் மாற்றாக ஒரு பாட்டில் கூடவே வைத்திருக்கலாம், அல்லது பட்டியலில் எதை வாங்குவது என்று மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது நன்றாக இருந்தது.

ஊற்றும்போது மெழுகுவர்த்திக்குப் பதில் ஒரு சின்ன டார்ச்சை வண்டியில் நிமிர்த்தி வைத்து, அதன் ஒளி பாட்டிலின் கழுத்து வழியாக வரும்படி பிடித்துக்கொண்டார். ஒரே சீரான ஓட்டம், நடுவில் நிறுத்தவே இல்லை. நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் அலை பின்னால் போய் வண்டலைக் கிளப்பிவிடும். கழுத்து வெளிச்சத்தில் ஒயின் செங்கல் நிறத்தில் ஓடியது. கடைசியில் புகை மாதிரி ஒரு கரிய கோடு தோள் பக்கம் வந்தது, உடனே கையைத் தூக்கிவிட்டார். பாட்டிலில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம். பழைய ஒயினை ரொம்ப நேரம் டிகேண்டரில் விட்டால் வாசனை போய்விடும் என்று உடனே கிளாஸ்களில் ஊற்றியும் கொடுத்தார். இந்த வேலையை நான் வீட்டிலும் செய்வேன், இவ்வளவு சுத்தமாக வராது.

கிளாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். வேறொரு இடத்துக்குப் பாட்டில் கொண்டுபோனபோது, விளிம்பு தடித்த சின்ன கிளாஸ்களை வைத்துவிட்டு, திருகாணியை டேபிள் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து டேபிளில் அவர்களிடமே வாங்கிய ஒயினுக்கு மெல்லிய பெரிய கிளாஸ்கள் இருந்தன. கட்டணம் மட்டும் குறையாமல் வாங்கினார்கள். இங்கே அந்தப் பாகுபாடு துளியும் இல்லை. க்ரெமானுக்கு ஒரு வடிவம், வான் ஜோனுக்கு ஒன்று, போர்தோவுக்கு உயரமான பெரிய கிளாஸ். கேட்காமலே மாற்றினார்கள்.

அதோடு வந்த டக் கான்ஃபியும், அதாவது நான் முன்னால் சொன்ன கொழுப்பில் வேகவைத்த வாத்துக் காலும், அதற்குத் தகுந்ததாகவே இருந்தது. தோல் முள்கரண்டி பட்டதும் சத்தத்தோடு உடைந்தது, உள்ளே சதை நூல் நூலாகப் பிரிந்தது. வாத்துக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு கொஞ்சம் உப்புக் கூடுதல். இளம் ஒயினாக இருந்தால் உப்பு அதன் துவர்ப்பை அடக்கியிருக்கும். இது ஏற்கெனவே காலத்தில் அடங்கிப்போன ஒயின், அதனால் உப்பு ஒயினையே கொஞ்சம் அமுக்கிவிட்டது. நான் உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டு வாத்தோடு மட்டும் குடித்தேன். காய்ந்த ப்ளம், புகையிலை, ஈர மண், நீண்ட இனிமையான முடிவு. அத்தான் பேச்சையே குறைத்துவிட்டார். அக்கா மட்டும், "இதுக்கா இத்தனை வருஷம் என்னை அந்த அலமாரியைத் தொட விடலை?" என்று கேட்டுவிட்டு, அவளும் கிளாஸை வைக்கவில்லை.

மெனுவில் சில பதார்த்தங்கள் நல்ல ஒயினுக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டிச்சோக் என்ற காய் முதல் வரிசையிலேயே இருக்கிறது. ருசியானதுதான், ஆனால் அதைச் சாப்பிட்டபின் எதைக் குடித்தாலும் ஒரு போலி இனிப்பு தட்டும். வினிகர் தூக்கலான சாலட்டும் அப்படித்தான், பழைய சிவப்பு ஒயினை அது தட்டையாக்கிவிடும். ஸ்டேக்கோடு வரும் பெயார்னேஸ் சாஸில் வெண்ணெயும் முட்டை மஞ்சளும் இருந்தாலும், அடிப்படை வினிகரும் டாரகான் என்ற மூலிகையும்தான். அதற்குப் பொஜொலே போல இளசான, பழச்சுவையுள்ள ஒயின் போதும், அது அவர்களுடைய பட்டியலிலேயே இருக்கிறது. வெண்ணெயில் பொரித்த ஸோல் மீனுக்கும் அவர்களுடைய ஷாப்லியே பிரமாதமாகப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் நாமே கொண்டுபோக வேண்டும் என்று இல்லை.

சீஸ் தட்டுக்கு மறுபடி வான் ஜோனிடம் போனோம், கொம்தே என்ற சீஸோடு. இரண்டும் ஒரே மலைப்பகுதியில் பிறந்தவை. நன்றாக முதிர்ந்த கொம்தேயில் கடிக்கும்போது நறநறவென்று சின்னச் சின்னப் படிகங்கள் தட்டுப்படும், அக்ரூட் வாசனையும் இருக்கும். அன்று கிடைத்தது சற்று இளசு, குளிர்பதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சில்லிப்பும் இருந்தது. சீஸை ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்து வைப்பதை இவர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இந்த அளவுக்கு ஒயின் தெரிந்தவர் இருக்கும் இடத்தில் சீஸை இப்படி விடக் கூடாது.

இனிப்புக்குத் தார்த் தாதான். ஆப்பிளைச் சர்க்கரையிலும் வெண்ணெயிலும் பாகாக்கி, மேலே மாவு மூடி, வெந்ததும் கவிழ்ப்பது. அடர்ந்த பழுப்பு, லேசான கசப்போடு, அருமை. இனிப்போடு சிவப்பு ஒயின் குடித்தால் ஒயின் புளித்துத் தெரியும், அதனால் மிச்சம் இருந்த சாந்த்-எமிலியோனை முன்னாலேயே முடித்துவிட்டு, அவர்களிடம் சொதெர்ன் என்ற இனிப்பு ஒயின் இரண்டு கிளாஸ் வாங்கிப் பகிர்ந்துகொண்டோம்.

பில்லில் ஒரு விஷயம் பிடிக்கவில்லை. இரண்டு பாட்டிலுக்கும் கார்க்கேஜ் போட்டிருந்தார்கள், அது சரி. 620 மில்லி பாட்டிலுக்கும் முழுக் கட்டணம், அதையும் ஏற்றுக்கொள்கிறேன், உழைப்பு ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டோடு கார்க்கேஜையும் கூட்டி, அந்த மொத்தத் தொகைக்கு சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கார்க்கேஜ் என்பதே பரிமாறுவதற்கான கட்டணம். அதன் மேல் மறுபடி பரிமாறும் கட்டணம் எப்படிச் சேரும்? மேனேஜரிடம் அமைதியாகக் கேட்டேன். பில் போடும் மென்பொருள் எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்கிடுகிறது என்றார், அப்புறம் அதைக் கழித்துப் புது பில் கொடுத்தார். கேட்டவர்களுக்கு மட்டும் கழித்தால் போதாது, மென்பொருளையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் போனால் பில்லைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சோமெலியேவுக்குத் தனியாக டிப்ஸ் வைத்தோம். நம் பாட்டில் என்பதால் பில் தொகை குறைவு, அந்தத் தொகையைப் பார்த்து டிப்ஸ் வைத்தால் அதிகம் உழைத்தவருக்குத்தான் குறைவாகப் போகும்.

வான் ஜோனில் கால் பாட்டில் மிஞ்சியது. கார்க்கை அழுத்தி மூடி, பையில் போட்டுக் கொடுத்தார்கள். மற்ற ஒயின்கள் திறந்தால் இரண்டு மூன்று நாளில் சோர்ந்துவிடும், இது வாரக்கணக்கில் தாங்கும். மிஞ்சியதை எடுத்துப்போக அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது, அதிலும் ஊருக்கு ஊர் சட்டம் மாறும்.

வார நாட்களில் போவதே நல்லது. வெள்ளி, சனிக்கிழமைகளில் கூட்டம் நிரம்பி வழிகிறது, ஒயின் தெரிந்தவர் அங்கே அந்த சோமெலியே ஒருவர்தான். எல்லா டேபிளுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் பழைய பாட்டிலை அவரிடம் கொடுத்து டிகேண்ட் பண்ணச் சொல்வது அவருக்கும் கஷ்டம், பாட்டிலுக்கும் நல்லதில்லை. இளம் ஒயினாக இருந்தால் எந்த நாளும் பரவாயில்லை. டேபிள் சொல்லும்போது சுவர் ஓரமாகக் கேளுங்கள், சமையலறைக் கதவை ஒட்டிய இரண்டு டேபிள்களில் சூடு அதிகம், கிளாஸில் இருக்கும் ஒயின் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடுகிறது.

குளிர்காலத்தில் காசுலே போடப் போவதாகச் சொன்னார்கள். வெள்ளை பீன்ஸ், சாசேஜ், வாத்து எல்லாம் சேர்த்து மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைப்பது. அதற்கு ஃபிரான்ஸின் தென்மேற்கிலிருந்து காஹோர், மல்பெக் திராட்சையில் செய்த கறுத்த ஒயின், நன்றாகப் பொருந்தும். அவர்களுடைய பட்டியலில் அது இல்லை. அத்தானிடம் ஒன்று இருக்கிறது, அக்கா ஏற்கெனவே தேதி கேட்டுவிட்டாள்.